மண்ணைப் படித்தவர்கள், எல்லையை வரைந்தவர்கள்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் மேடை இது. 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் என்று அவரைச் சொல்கிறோம். தமிழ் பௌத்தத்தை மீட்டவர் என்கிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மருத்துவர் என்றால் மூலிகை தெரிந்தவர். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எது முளைக்கும், எது நோய் தீர்க்கும், எது உயிரைக் குடிக்கும் என்று தெரிந்தவர். ஓர் இதழை நடத்தி அதிகாரத்தோடு வாதாடிய மனிதரிடம் இந்த அறிவும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இன்றைய உரை. இயற்கையைப் பற்றிய அறிவு ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நாம் இன்று கேட்கிறோம்.

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இயற்கைக் கல்வி இருக்கிறது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பசுமைப் படை இருக்கிறது. மரம் நடுகிறார்கள், ஓவியப் போட்டி வைக்கிறார்கள், பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போகிறார்கள். இவை எல்லாம் வேண்டும்.

ஆனால் சேரியிலிருந்து வகுப்பறைக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வரப்பில் எந்த வளையில் நண்டு இருக்கும், எந்த வளையில் கையை விடக்கூடாது என்று அதற்குத் தெரியும். களை பறிக்கும் அம்மாவின் பின்னால் நடந்து, எது வெறும் களை, எது மடியில் கட்டிக்கொண்டு வந்து கடைய வேண்டிய கீரை என்று தெரியும். இந்த அறிவுக்கு மதிப்பெண் கிடையாது. நத்தை, எலி, நண்டு என்று வாயைத் திறந்தால் வகுப்பில் கிடைப்பது சிரிப்புத்தான். எனவே அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. இது ஒரு சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. ஏரியின் பயன்கள் நான்கு எழுதுக என்று கேள்வி வருகிறது. அந்த ஏரியில் மீன் பாசியை ஏலம் எடுப்பது யார், மடையை யார் திறக்கிறார்கள், தண்ணீர் யார் வயலுக்கு முதலில் போகிறது, கரை ஓரத்து நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகள் வருவதில்லை. இயற்கை என்பது மனிதர்களே இல்லாத ஒரு படமாகச் சுவரில் தொங்குகிறது.

இந்த இரண்டு சிக்கல்களையும் ஓர் இடத்தில் முழுதாக வைத்துப் பார்க்க, ஒரு தூரத்து ஊருக்குப் போய் வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி என்று ஒரு நாட்டுப்புறப் பகுதி இருக்கிறது. கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குள் ஓர் ஆட்சிப் பிரிவு. நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் சிறியது. அந்த மக்கள் இயற்கைக் கல்வியை எப்படித் தொடங்கினார்கள், அது அவர்களை எவ்வளவு தூரம் கொண்டு சென்றது, எங்கே நின்றுபோனது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. சமூகவியல் படித்தவர்களுக்கு அது ஒரு பாடம். களத்தில் நிற்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையும் கூட.

1. வாசற்படி வரை பருத்தி

மேக்கன் கவுண்டியின் தலைமை ஊர் டஸ்கீகி. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அங்கே பருத்தி ஒழியவில்லை. நிலம் வெள்ளை முதலாளிகளிடமே இருந்தது. கறுப்பின மக்கள் வாரக்குடிகள் ஆனார்கள். விதையும் கோவேறு கழுதையும் சாப்பாட்டுச் சாமானும் கடனாக வரும். அறுவடையில் பாதியும் போகும், கடனுக்கு மீதியும் போகும். கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். படிக்கத் தெரியாதவர் அந்த நோட்டை எதிர்த்துப் பேச முடியாது. நம் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தவனுக்குப் பருத்தி மட்டுமே வேண்டும். அதனால் குடிசையின் வாசற்படி வரைக்கும் பருத்தி நட்டார்கள். காய்கறிக்கு இடமில்லை. சோளமாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு, இதுதான் சாப்பாடு. இந்தச் சாப்பாட்டினால் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா என்ற நோய் தெற்கு மாநிலங்கள் எங்கும் பரவியது. அது தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். உணவுக் குறைவினால் வருவது என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914க்குப் பிறகு செய்த ஆய்வுகளில் காட்டினார்.

ஆண்டுக்கு ஆண்டு ஒரே பயிர் வைத்ததால் மண்ணும் நோயுற்றது. மேல்மண் மழையில் ஓடியது. மனிதர்களின் உடலும் அவர்கள் உழுத மண்ணும் ஒரே காரணத்தால் இளைத்தன. சார்லஸ் எஸ். ஜான்சன் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் இந்தக் கவுண்டியின் 612 குடும்பங்களை ஆராய்ந்து 1934ல் ஒரு நூல் வெளியிட்டார். அடிமைமுறை போய் 70 ஆண்டு ஆன பிறகும் பண்ணையின் நிழல் அந்த வீடுகள் மேல் விழுந்துகொண்டே இருந்ததை அதில் காட்டினார். சமூகவியல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

2. ஓட்டு கொடுத்த பள்ளி

இந்த மண்ணில்தான் 1881ல் டஸ்கீகிப் பள்ளி தொடங்கியது. அது எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். லூயிஸ் ஆடம்ஸ் என்ற முன்னாள் அடிமை அங்கே கைத்தொழில் செய்து வாழ்ந்தவர். மாநில அவைத் தேர்தலில் நின்ற ஒரு வெள்ளை வேட்பாளர் கறுப்பின மக்களின் ஓட்டைக் கேட்டு அவரிடம் வந்தார். எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றார் ஆடம்ஸ். ஓட்டு போட்டார்கள், பள்ளி வந்தது. அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் காசு இல்லை. முதல்வராக வந்த புக்கர் டி. வாஷிங்டனும் மாணவர்களும் செங்கல் அறுத்துச் சூளை வைத்துத் தாங்களே கட்டினார்கள்.

ஆக, அந்தப் பள்ளி ஓட்டிலிருந்து பிறந்தது. 1901ல் அலபாமா ஒரு புதிய அரசியல் சாசனம் எழுதியது. எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, தலைவரி என்று தடை மேல் தடை போட்டு அந்த ஓட்டைப் பறித்தது. பள்ளி இருந்தது, அதைப் பெற்றுத் தந்த உரிமை போய்விட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1892ல் வாஷிங்டன் சுற்றுவட்டார விவசாயிகளை ஒரு மாநாட்டுக்கு அழைத்தார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்தார்கள். கடன், நிலம், பள்ளி, உணவு என்று தங்கள் பாட்டைத் தாங்களே பேசினார்கள். பிறகு ஆண்டுதோறும் கூடினார்கள்.

3. காலடியில் இருந்து தொடங்கிய பாடம்

1896ல் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்தவர். பிறந்த ஆண்டு கூட உறுதியாகத் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவைக் கொள்ளைக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். அந்த அம்மா திரும்பவே இல்லை. தன் ஊர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைக்கு இடமில்லை என்பதால் வேறு ஊருக்கு நடந்து போய்ப் படித்தார். ஒரு கல்லூரி கடிதத்தில் இடம் கொடுத்துவிட்டு, நேரில் தோல் நிறத்தைப் பார்த்ததும் மறுத்துவிட்டது. பிறகு அயோவா மாநிலத்தில் வேளாண்மை படித்து முதுநிலைப் பட்டம் பெற்றார். டஸ்கீகிக்கு வந்தபோது ஆய்வுக்கூடம் இல்லை. குப்பையில் கிடந்த புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கி வந்து மாணவர்களோடு சேர்ந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆய்வுப் பண்ணைக்கு மாநிலம் கொடுத்தது ஆண்டுக்கு 1,500 டாலர்.

கார்வர் என்றால் நிலக்கடலை என்று நம் பொது அறிவுப் புத்தகங்கள் ஒரே வரியில் முடிக்கின்றன. அவர் செய்த வேலையின் முறையைப் பார்த்தால்தான் நமக்குப் பயன். உரம் வாங்கக் காசில்லாத வாரக்குடி என்ன செய்ய முடியும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். காட்டில் உதிரும் இலை, சதுப்பு நிலத்துச் சேறு, தொழுவத்துச் சாணம் இவற்றை மட்க வைத்து மண்ணில் போடச் சொன்னார். பருத்திக்கு நடுவே தட்டப்பயறும் கடலையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இதைப் படிக்காத விவசாயிக்கும் புரியும்படி சொன்னார். பயறு மண்ணுக்கு உரமாகும், அதுவே வீட்டுக்குப் புரதமும் ஆகும்.

1898 முதல் 1943ல் அவர் இறக்கும் வரை 44 சிறு வெளியீடுகள் வந்தன. முதல் வெளியீடு, ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் கொட்டைகளைக் கால்நடைக்குத் தீவனமாக்குவது பற்றி. 1905ல் செத்துப்போன மண்ணை எப்படி எழுப்புவது என்று ஒன்று. 1910ல் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான இயற்கைப் பாடமும் தோட்டமும் பற்றி ஒன்று. அது ஆசிரியர்களுக்காக எழுதியது. பள்ளித் தோட்டத்தையும் விதையையும் மண்ணையும் வைத்துப் பாடம் நடத்தலாம் என்றது. 1911ல் வந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. மேக்கன் கவுண்டியிலேயே வெட்டி எடுக்கும் களிமண்ணைக் கொண்டு வீட்டுச் சுவருக்கு வெள்ளையும் வண்ணமும் அடிப்பது எப்படி என்பது அதன் பொருள். கடையில் பெயிண்ட் வாங்க முடியாத மக்களின் வீடு, காலடி மண்ணால் அழகாக முடியும் என்றார். கடைசி வெளியீடுகளில் ஒன்று 1942ல், போர்க்காலத்தில் வந்தது. தானே முளைக்கும் செடிகளில் எவற்றைச் சமைத்துச் சாப்பிடலாம் என்பது பற்றியது. நம் அம்மாக்களின் மடியில் இருக்கும் கீரை, அங்கே அச்சேறி ஆய்வு வெளியீடாக வந்தது.

பள்ளிக்கு வர முடியாதவர்களிடம் பள்ளி போக வேண்டும் என்று 1906ல் ஒரு வண்டி செய்தார்கள். நன்கொடை கொடுத்த ஜெசப் என்பவர் பெயரால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் அதில் ஏறும். ஊர் ஊராகப் போய் யாராவது ஒருவர் நிலத்தில் நின்று செய்து காட்டுவார்கள். அதே ஆண்டு தாமஸ் மன்ரோ கேம்பல் அந்த வேலையில் அமர்ந்தார். அமெரிக்காவின் முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலர் அவர். பிறகு வண்டி மோட்டார் லாரியாயிற்று. விவசாய ஆசிரியரோடு வீட்டு நிர்வாகம் சொல்லித் தரும் பெண்ணும், செவிலியரும் ஏறினார்கள். கிணற்றை எங்கே தோண்டலாம், கழிப்பிடத்தை எங்கே வைக்கலாம், கொசுவலை எப்படிக் கட்டலாம் என்பதெல்லாம் பாடமாயிற்று.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான் வந்தன. வாஷிங்டனும் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகரும் சேர்ந்து 1910களில் டஸ்கீகியைச் சுற்றி ஆறு சிறு பள்ளிகளில் தொடங்கினார்கள். 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்பின. பெயர் ரோசன்வால்ட் பள்ளி. பணத்தைப் பாருங்கள். அவருடைய நிதி கொடுத்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது ஏறத்தாழ 47 லட்சம் டாலர். வரியாகக் கட்டியது தனி. காசு இல்லாதவர்கள் மரம் கொடுத்தார்கள், உழைப்பு கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். கட்டி முடித்த பிறகு அந்த நிலத்தையும் கட்டடத்தையும் அரசுப் பள்ளி வாரியத்தின் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வாரியங்களில் வெள்ளையர்களே இருந்தார்கள்.

4. வண்டி திறந்த பாதையில் வந்தது யார்?

மண்ணைப் படிக்கத் தெரிந்தது, உணவு மேம்பட்டது, வீட்டுச் சுவர் வெளுத்தது, ஊருக்கு ஊர் பள்ளி வந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை இல்லை. ஒரு குழந்தை கூடுதலாக ஒரு கைப்பிடிப் பயறு சாப்பிட்டால் அதுவும் விடுதலையின் ஒரு பகுதிதான். ஆனால் மேக்கன் கவுண்டியின் வரலாறு இங்கே முடியவில்லை.

1923 முதல் அந்த நகரும் பள்ளியில் செவிலியராகப் பயணம் செய்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினப் பெண். எந்த வீட்டில் எத்தனை குழந்தை, எந்தப் பாதை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். மக்கள் அவரை நம்பினார்கள். 1932ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அதே கவுண்டியில் ஓர் ஆய்வைத் தொடங்கியபோது அவரையே அமர்த்தியது. சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களும், ஒப்பிடுவதற்காக அந்நோய் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நோய் என்னவென்று நேராகச் சொல்லவில்லை. மருத்துவம் செய்கிறோம் என்று சொல்லி, செய்யாமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடான சாப்பாடு, வண்டிச் சவாரி, செத்தால் அடக்கச் செலவு, இவைதான் கொடுத்த ஊக்கம். 1947 வாக்கில் பெனிசிலின் எங்கும் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 1972ல் செய்தித்தாளில் வெளிவந்த பிறகே அது நின்றது. 40 ஆண்டுகள். 1997ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

பள்ளியும் தேவாலயமும் செவிலியரும் சேர்ந்து கட்டிய நம்பிக்கை என்ற பாதையில்தான் அந்த ஆய்வு ஊருக்குள் வந்தது. மக்களுக்குச் செடியைப் பற்றித் தெரிந்திருந்தது, மண்ணைப் பற்றித் தெரிந்திருந்தது. தங்கள் உடலைப் பற்றி யார் எதை எழுதி வைக்கிறார்கள் என்று கேட்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஓட்டு இல்லாத மக்களிடம், கேள்வி கேட்க ஓர் அமைப்பு இல்லாத மக்களிடம், நல்ல எண்ணத்தோடு வரும் வண்டியும் கெட்ட எண்ணத்தோடு வரும் வண்டியும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நிலத்தின் கதையும் இதுதான். அரித்துப்போன பண்ணை நிலங்களை 1930களில் மத்திய அரசு வாங்கி மரம் நட்டது. அங்கே குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். சில கறுப்பினக் குடும்பங்களுக்கு அதே கவுண்டியில் பிரெய்ரி ஃபார்ம்ஸ் என்ற குடியிருப்பில் இடம் கிடைத்தது. 1959ல் அந்த நிலம் டஸ்கீகி தேசியக் காடு ஆயிற்று. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் மிகச் சிறியது, ஏறத்தாழ 11,000 ஏக்கர். இன்று அங்கே நடைபாதை இருக்கிறது, பறவை பார்க்கலாம், பள்ளிப் பிள்ளைகள் இயற்கை கற்கலாம். அந்த மரங்களின் அடியில் வாரக்குடிகள் உழுது தேய்ந்த சால் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லித் தந்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகும். 1920ல் அமெரிக்காவில் 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று 50,000 பேர் கூட இல்லை. மண்ணைப் பற்றிய அறிவு குறைந்ததாலா இது நடந்தது? கடன் கொடுக்கும் அலுவலகமும் நிலப் பத்திரமும் யார் கையில் இருந்தன என்பதில்தான் விடை இருக்கிறது.

5. இருபத்தெட்டு மூலைகள்

இந்த மக்கள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. சார்லஸ் கோமிலியன் என்ற சமூகவியல் ஆசிரியர் அதே டஸ்கீகி நிறுவனத்தில் பணியாற்றினார். டஸ்கீகி குடிமக்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஓட்டுப் பதிவுக்கு ஆட்களைத் திரட்டுவது, விண்ணப்பம் நிரப்பக் கற்றுத் தருவது, மறுத்தால் வழக்குப் போடுவது, இதுதான் அவர்கள் நடத்திய கல்வி. கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை மெல்ல ஏறியது. 1957ல் அலபாமா சட்டமன்றம் டஸ்கீகி நகரத்தின் எல்லையையே மாற்றியது. சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவம் ஆயிற்று. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். வெள்ளை வாக்காளர் ஒருவர் கூட வெளியே போகவில்லை. கார்வர் பாடம் நடத்திய நிறுவனமும் எல்லைக்கு வெளியே போயிற்று.

மக்கள் வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். பல கடைகள் மூடின. கோமிலியன் வழக்குப் போட்டார். 1960 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த எல்லைக் கோடு செல்லாது என்று சொன்னது. பின்னர் வந்த ஓட்டுரிமை வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு அடித்தளமாயிற்று.

அதோடும் முடியவில்லை. 1966 ஜனவரியில் டஸ்கீகி மாணவர் சாமி யங் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையருக்கான கழிப்பறையை அவர் பயன்படுத்தக் கேட்டதுதான் பிரச்சினையின் தொடக்கம். அதே அலபாமாவில், இடையில் ஒரு கவுண்டியைத் தாண்டி மேற்கே லவுண்டெஸ் கவுண்டி இருக்கிறது. அங்கே வாரக்குடிகள் தங்களுக்கென ஒரு கட்சி அமைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குச்சீட்டில் சின்னம் வேண்டும். கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தார்கள். அந்தச் சின்னத்தைக் கலிபோர்னியாவின் கருஞ்சிறுத்தைக் கட்சி எடுத்துக்கொண்டது. 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அந்தப் பெயரைத் தங்களுடையதாக்கினார்கள். அங்கிருந்து அது தமிழ்நாட்டின் சேரிச் சுவர்களுக்கு வந்தது. நம் தெருமுனைகளில் பாயும் சிறுத்தை, பருத்திக் காட்டு ஜனங்களின் வாக்குச்சீட்டிலிருந்து புறப்பட்டது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 1946ல் பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது கண்ட உறவும் இதே உறவுதான்.

6. நம் மண்ணும் நம் பதிவேடும்

மேக்கன் கவுண்டி விவசாயிகள் முதன்முதலாகக் கூடிய அதே 1892ல் இங்கே என்ன நடந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலங்கள் இன்று யாரிடம் இருக்கின்றன என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறைச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

நீரை எடுத்துக்கொள்வோம். பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிகள், நீர்க்கட்டிகள் நம் மக்கள். எந்த மேகத்துக்கு எத்தனை நாள் மழை, எந்த மடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குத் தெரிந்தவர்கள். அறிவு இவர்களுடையது, ஆயக்கட்டு நிலம் இன்னொருவருடையது. அதே மக்கள் குளத்தில் இறங்கினால் தீட்டு. 1927ல் மகாத் குளத்துக்கு அம்பேத்கர் போனது இதற்காகத்தான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். நீரைப் பற்றிய பாடத்தில் வேங்கைவயல் இல்லையென்றால் அது யாருடைய நீரைப் பற்றிய பாடம்?

ஆகவே நாம் சொல்ல வருவது இது. ஒடுக்கப்பட்ட மக்களின் இயற்கைக் கல்வி கார்வரைப் போலக் காலடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் கோமிலியனைப் போல, காலடி மண்ணின் எல்லையை வரைந்தவர் யார் என்று கேட்கும் இடம் வரை போக வேண்டும். முதல் பாதி மட்டும் இருந்தால், நல்ல பயிர் விளைவித்து அதை இன்னொருவர் களத்தில் கொட்டுவோம். இரண்டாம் பாதி மட்டும் இருந்தால், நிலம் கிடைத்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் விற்றுவிட்டு நகரத்துக்குப் போவோம். இரண்டையும் இணைப்பது ஊரில் கூடிப் பேசும் வழக்கம். மாநாடோ, சங்கமோ, இரவுப் பாடசாலையோ, பெயர் எதுவானாலும் சரி.

நம் ஊர்களில் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகள் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்தும் இளைஞர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஊர்க் கீரைகளின் பட்டியல். பிள்ளைகள் தங்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதட்டும். எந்தக் கீரை, எந்த மாதம், எந்த வரப்பு, எதற்கு மருந்து என்று பதியட்டும். முன்பு கிடைத்து இப்போது கிடைக்காதவை எவை, களைக்கொல்லி வந்த பிறகு போனவை எவை என்றும் கேட்கட்டும். நண்டும் நத்தையும் அந்தப் பட்டியலில் தலை நிமிர்ந்து இருக்கட்டும். பிள்ளை தன் அறிவை மறைக்கத் தேவையில்லாத முதல் வகுப்பறையாக அது இருக்கும்.

இரண்டாவது, ஊர் வரைபடம். ஏரி, மடை, வாய்க்கால், புறம்போக்கு, மேய்ச்சல், சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் பிள்ளைகளே நடந்து பார்த்து வரையட்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தின் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பதிவேட்டில் டி.சி. நிலம் என்று இருக்கும் புல எண்ணில் இப்போது யாருடைய தோப்பு நிற்கிறது என்று தெரியும். பதிவேடு தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது அடுத்த பாடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் அந்த மனுவை எழுத முடியும்.

மூன்றாவது, கேட்கும் பழக்கம். ஊருக்குள் ஆய்வு என்று, முகாம் என்று, திட்டம் என்று, தொண்டு நிறுவனம் என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. நம்மைப் போன்ற செயற்பாட்டாளர்களின் வண்டியும் அதில் அடக்கம். எதை எழுதுகிறீர்கள், எங்கே கொண்டு போகிறீர்கள், எங்களுக்கு ஒரு படி தருவீர்களா என்று ஊரார் கேட்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் எதுவும் தொடங்க வேண்டும். மேக்கன் கவுண்டியின் அந்த 600 பேருக்கு நாம் செலுத்தும் மரியாதை இது.

இந்த மூன்றுக்கும் பெரிய நிதி வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, நடக்கக் கால்கள், கேட்கப் பாட்டிகள், கூட ஒரு திண்ணை. குப்பையில் கிடந்த புட்டிகளை வைத்து ஓர் ஆய்வுக்கூடம் எழுந்ததை இப்போதுதான் பேசினோம். அடுத்த ஆண்டு இதே அவை கூடும்போது, பத்து ஊர்களின் கீரைப் பட்டியலும் பத்து ஊர்களின் வரைபடமும் இந்த மேடையில் வைக்கப்பட வேண்டும். அவற்றை வரைந்த பிள்ளைகளே வந்து பேச வேண்டும். பண்டிதர் நினைவுக்கு அதைவிடப் பொருத்தமான உரையை நம்மால் தர முடியாது.